குட்டிப் பூதத்தின் காது

ஞாயிற்றுக்கிழமை காலைக்காட்சி நடக்கக் கூடாது. நடந்தால் மானம் போய்விடும். எப்பாடு பட்டாவது அதைக் கெடுத்துவிடுவது என்று சீனுவாசன் பல் துலக்கிக்கொண்டே சபதம் எடுத்தார். எடுத்த வேகத்தில் கொஞ்சம் பேஸ்ட் உள்ளே போய்விட்டது.

சபதம் எடுக்கத் தகுதியான ஆள்தான். திண்டிவனம் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தலையசைத்தால்தான் பஸ் நகரும். எத்தனையோ பஸ்களை மறித்து நிறுத்தியவருக்கு ஒரு பழைய சினிமாவை நிறுத்த வராதா என்று தமக்குத் தாமே தைரியம் சொல்லிக்கொண்டார்.

வாசலில் பக்கத்து வீட்டு சவுரிராயனின் குரல் கேட்டது. பழைய படம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாத மனிதர். ஊரில் பழைய பட ரசிகர் மன்றம் என்று ஒன்று இருக்கிறது. தலைவர் அவர். செயலாளரும் அவர்தான்.

"சீனு சார்! ஜல்தி வெளிய வாங்க! கட்டியாச்சு!"

"இன்னாத்த கட்டுனீங்க?"

"ஃபிளெக்ஸு சார்! தெருமுனைல பாருங்க. பஸ்ஸுல போறவன்லாம் எட்டி எட்டிப் பாத்துக்கினு போறான்."

சீனுவாசன் வாயில் நுரையோடு போய்ப் பார்த்தார். 'ஏழு கூண்டு ராஜகுமாரி புகழ் குட்டிப் பூதமே, வருக!' என்று பட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதன் கீழே அவருடைய பணி ஓய்வு விழாப் படம். கழுத்தில் மாலை, கண்கள் பாதி மூடியிருந்தன. தொப்பை மட்டும் ஃபிளெக்ஸுக்குள் அடங்காமல் கட்டத்துக்கு வெளியே போயிருந்தது. குட்டி என்ற சொல்லுக்கு அங்கே வேலையே இல்லை.

விஷயம் இதுதான். ஏழு கூண்டு ராஜகுமாரி என்பது அந்தக் காலத்து மாயாஜாலப் படம். மந்திரவாதி ஒருவன் தன் உயிரை ஒரு கிளிக்குள் ஒளித்து, கிளியை ஏழு கூண்டில் ஒரு கூண்டில் அடைத்துவைப்பான். ராஜகுமாரியைக் கல்லாக்கிவிடுவான். கூண்டுகளுக்குக் காவல் ஒரு குட்டிப் பூதம். பச்சை உடம்பு, மொட்டைத் தலை. செஞ்சிக்கோட்டையில்தான் எடுத்தார்கள். படம் வந்த சுவடு தெரியாமல் ஓடி மறைந்தது. பிரதிகூட மிஞ்சவில்லை என்று ஒரு பத்திரிகையில் போட்டிருந்தார்கள்.

அந்தக் குட்டிப் பூதம் தாம்தான் என்று சீனுவாசன் சொல்லிக்கொண்டு திரிந்தார். பத்திரிகைச் செய்தியைப் படித்த பிறகுதான் சொல்லத் தொடங்கினார் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆதாரமே அழிந்துபோன பொய்யைப் போலப் பத்திரமான பொய் வேறு கிடையாது.

உண்மையில் அவர் அந்தப் பூதத்தைப் பார்த்திருக்கிறார். எட்டு ஒன்பது வயதில் அப்பாவோடு செஞ்சிக்குப் போனபோது கோட்டையில் ஷூட்டிங் நடந்தது. கூட்டத்தில் முண்டியடித்து முன்னால் போய் நின்றார். திடீரென்று ஒரு பச்சை மொட்டை எதிரே குதித்தது. சீனுவாசன் அலறினார். ஓடினார். ஓடிய ஓட்டத்தில் டிரவுசர் கூடவே வரவில்லை. அவருக்கும் சினிமாவுக்கும் இருந்த சம்பந்தம் அவ்வளவுதான்.

பொய்யை முதன்முதலில் சொன்னது அனந்தபுரத்தில், பெண் பார்க்கப் போன இடத்தில். சொல்லிக்கொள்ள அப்போது அவரிடம் வேறு ஒன்றும் இல்லை. வேலை நிரந்தரம் ஆகவில்லை. நிலம் என்றால் அடுத்தவன் நிலம். "மாப்ள இன்னா பண்றாரு?" என்று யாரோ கேட்டார்கள். வாய் தன்பாட்டுக்குத் திறந்தது. "சினிமால நடிச்சிருக்கேன். ஏழு கூண்டு ராஜகுமாரில குட்டிப் பூதம்!" மாமனார் எதையோ சொல்ல வாயெடுத்தார். அதே நேரம் உள்ளே டம்ளர் ஒன்று கீழே விழுந்து உருண்டது. மாமனார் வாயை மூடிக்கொண்டார். பெண் சம்மதித்துவிட்டாள் என்று மறுநாளே ஆள் வந்தது.

அன்றிலிருந்து கல்யாணம், காதுகுத்து, பஸ் ஸ்டாண்டு, டீக்கடை என்று எங்கேயும் இதே கதைதான். கதையை ஆரம்பித்தால் மனைவி சின்னபொண்ணு பக்கத்தில் அடக்கமாக உட்கார்ந்து கேட்பாள். தலை அசையாது. ஜிமிக்கி மட்டும் மெல்ல ஆடும். பெருமை தாங்கவில்லை பாவம் என்று இவர் நினைத்துக்கொள்வார்.

இப்போது எங்கோ ஒரு கிடங்கில் பிரதி கிடைத்துவிட்டது. துடைத்து, கலர் ஏற்றி, ஊர் ஊராகப் போடுகிறார்கள். சவுரிராயன் அதைத் திண்டிவனத்துக்கு வரவழைத்து, இடைவேளையில் குட்டிப் பூதத்துக்குப் பொன்னாடை என்றும் அறிவித்துவிட்டார்.

சீனுவாசன் வீட்டுக்குள் வந்தபோது சின்னபொண்ணு முறத்தில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, ஃபிளெக்ஸ் பாத்தீங்களா? கண்ண மூடிக்கினு கீறீங்க."

"வெளிச்சம் பட்டுச்சு."

"பரவால்ல. பூதம்னா அப்டித்தான் இருக்கும்."

"இந்தக் காலத்துல இத்த யாரு பாக்கப் போறா சின்னபொண்ணு? அட்டக் கத்தி, சணல் தாடி. பசங்க செல்லுலயே பூதம் பறக்குது, நெருப்பு கக்குது. இத்தப் பாத்தா கைகொட்டிச் சிரிச்சிட்டு எழுந்து போயிடுவானுங்க. நமக்குத்தான் அசிங்கம்."

"நீங்க நடிச்ச படத்த நீங்களே இப்டிச் சொல்லலாமா?"

"உள்ளதச் சொல்றேன்."

"புதுசா இருக்கு."

சீனுவாசன் அவளைக் கூர்ந்து பார்த்தார். அவள் மல்லாட்டையைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சம்பந்திக்குச் சொல்ல வேணாம். முட்டிவலிக்காரரு, விழுப்புரத்துலேந்து பஸ் ஏறி வரணும். பேஜாரு."

"நேத்தே போன் போட்டுட்டேன். முட்டியோட வர்றேன்னாரு."

சம்பந்தி பெரியசாமி ரிட்டயர்டு ஏட்டு. பெண் கலைப்பிரியாவை அந்த வீட்டில் கொடுத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எதைச் சொன்னாலும் "எந்த வருஷம்? யார் சாட்சி?" என்று கேட்கிற மனிதர். பூதக் கதையை மட்டும்தான் எதுவும் கேட்காமல் நம்பியிருந்தார். "நம்ம சம்பந்தி ஆர்ட்டிஸ்ட்" என்று விழுப்புரம் முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தார். அந்த மரியாதை போனால் பெண் வீட்டு வாசலை எந்த முகத்தோடு மிதிப்பது?

முதலில் காய்ச்சலை வரவழைத்துப் பார்த்தார். போர்வையைப் போர்த்திக்கொண்டு முனகினார். சின்னபொண்ணு நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். போய் ஒரு சொம்பு நிலவேம்புக் கசாயத்தோடு வந்தாள். "ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாவணும். மூணு வேளையும் குடிங்க." முதல் வேளையிலேயே காய்ச்சல் கும்பிடு போட்டுவிட்டு ஓடிப்போனது.

கசாயத்தின் கசப்பில் மூளை வேலை செய்தது. படத்தில் பூதத்துக்குப் பச்சைச் சாயம், மொட்டைத் தலை. முகத்தை வைத்து எவன் கண்டுபிடிப்பான்? காட்டிக்கொடுக்கக்கூடியது ஒன்றே ஒன்று. டைட்டில்! படம் ஆரம்பித்ததும் யார் யார் எந்த வேஷம் என்று பேர் ஓடுமே, அதில் 'குட்டிப் பூதம்' என்பதற்கு நேரே எவனோ ஒரு மாஸ்டர் பேர் இருக்கும். சினிமாவுக்காகப் பேரை மாற்றினார்கள் என்று சமாளிக்கலாம்தான். ஆனால் "யார் மாத்துனது? எந்த வருஷம்?" என்று ஏட்டு கேட்பார்.

டைட்டிலை ஒழித்தால் தீர்ந்தது. தியேட்டருக்குப் போய் ஆபரேட்டர் அந்தோணிசாமியைப் பிடித்தார். படத்தோடு ஊர் ஊராகப் போகிற ஆள்.

"தம்பி, டைட்டில வுட்டுட்டு நேரா படத்த ஆரம்பிச்சிடு. சின்னப் பசங்க வர்றானுங்க. பேரெல்லாம் படிச்சிக்கினு உக்கார மாட்டானுங்க."

"தாராளமா சார். நேத்துகூட ஒருத்தங்க வந்து இதத்தான் சொல்லிட்டுப் போனாங்க."

ஊரில் இன்னொரு நல்லவரும் இருக்கிறார் என்று சீனுவாசன் மகிழ்ந்துபோனார். யார் என்று கேட்கத் தோன்றவில்லை. திரும்பும் வழியில் ஃபிளெக்ஸைப் பார்த்துத் தாமே ஒரு கும்பிடு போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை தியேட்டர் நிறைந்துவிட்டது. பாதிக்குமேல் பிள்ளைகள். ஒவ்வொன்றின் கையிலும் செல்போன் அல்லது முறுக்கு. முன்வரிசையில் சீனுவாசனுக்கு ஒரு பக்கம் சின்னபொண்ணு, மறுபக்கம் பெரியசாமி. சொன்ன வாக்குத் தவறாமல் அந்தோணிசாமி நேராக அரண்மனையில் படத்தை ஆரம்பித்தார். சீனுவாசன் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

அவர் ஆசைப்பட்டபடியே தொடங்கியது. மந்திரவாதி வானத்தில் பறந்தான். கயிறு தெரிந்தது. "டேய், கயிறுடா!" என்று ஒரு குரல். சிரிப்பு. ராஜகுமாரன் மலையைத் தாண்டினான். மலை லேசாக ஆடியது. மறுபடி சிரிப்பு. பாம்பு வந்தது. சாக்குத் தையல் பளிச்சென்று தெரிந்தது. சீட்டி பறந்தது. சவுரிராயன் வேர்த்துப்போய் எழுந்து நின்று "அமைதி! அமைதி!" என்று கெஞ்சினார். இன்னும் கால் மணியில் கூட்டம் கலைந்துவிடும், பொன்னாடையும் வேண்டாம், பூதமும் வேண்டாம் என்று சீனுவாசன் உள்ளூரக் குதூகலித்தார்.

அப்போதுதான் குட்டிப் பூதம் வந்தது.

மந்திரவாதி அதனிடம், வாயைத் திறந்தால் நீயும் கல்லாகிவிடுவாய் என்று சொல்லிவைத்திருக்கிறான். ஆகவே பூதம் பேசாது. ராஜகுமாரன் முதல் கூண்டைக் காட்டி, "கிளி இதிலா?" என்கிறான். பூதம் முழிக்கிறது. இரண்டாவது கூண்டு. முழிக்கிறது. ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே ஏழாவது கூண்டுக்கு வருகிறான். பூதத்தின் கண்ணில் ஒரு சிரிப்பு. வாய் திறக்கவில்லை, தலை அசையவில்லை. காது இரண்டும் தாமாக ஆடுகின்றன! விடைத்த பச்சைக் காதுகள் திரை முழுக்க முன்னும் பின்னும் ஆடுகின்றன.

பிள்ளைகள் போட்ட கூச்சலில் கூரை பிய்த்துக்கொண்டு போகவில்லை என்பதுதான் ஆச்சரியம். செல்போன் எல்லாம் மடியில் கிடந்தது. ராஜகுமாரன் அடுத்துக் கேட்ட கேள்விகளைப் பிள்ளைகளும் சேர்ந்து கேட்டார்கள். "சாவி எங்க? தண்ணிலயா? மரத்துலயா?" காது ஆடியது. "மரத்துல! மரத்துல!" என்று எல்லோரும் எழுந்து நின்றார்கள். கயிற்றையும் சாக்குத் தையலையும் யாரும் நினைக்கவே இல்லை. ஏட்டு பெரியசாமி முட்டிவலியை மறந்து நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"சம்பந்தி! காத இன்னாமா ஆட்டியிருக்கீங்க!"

சீனுவாசன் தம் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பூதம் காதை ஆட்டும் என்பது அவருக்கு இன்றுதான் தெரியும். படத்தை அவர் பார்த்ததே இல்லை.

இடைவேளை விளக்கு எரிந்தது. மேடையில் சீனுவாசன் தோளில் பொன்னாடை விழுந்தது. சவுரிராயன் மைக்கில் புகழ்ந்து தள்ளினார். மேடைக்குக் கீழே பிள்ளைகள் மொய்த்துக்கொண்டார்கள்.

"தாத்தா! காத ஆட்டுங்க தாத்தா!"

"அது... அந்த வயசுல ஆடிச்சு கண்ணுங்களா..."

"ஒரு தடவ! ஒரே ஒரு தடவ!"

பெரியசாமி கையைக் கட்டிக்கொண்டு, போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிற மாதிரி நின்றார். "ஆட்டிக் காட்டுங்களேன் சம்பந்தி. இதுல இன்னா கூச்சம்?"

சீனுவாசன் முயன்றார். புருவம் ஏறியது. தாடை ஆடியது. மூக்கு விடைத்தது. நெற்றிச் சுருக்கம் உச்சந்தலை வரை போய்த் திரும்பியது. மூக்குக்கண்ணாடி நழுவி மூக்கு நுனிக்கு வந்தது. காது மட்டும் கல்லில் செதுக்கியதுபோல அப்படியே இருந்தது. பிள்ளைகளின் முகத்தில் சிரிப்பு ஒவ்வொன்றாக அணைவது தெரிந்தது. யாராவது காப்பாற்ற மாட்டார்களா என்று முன்வரிசையில் இருந்த மனைவியைப் பார்த்தார்.

சின்னபொண்ணு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் திறக்கவில்லை. தலை அசையவில்லை. கண்ணில் ஒரு சிரிப்பு. ஜிமிக்கி இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன. ஃபேன் அந்தப் பக்கம் இல்லை.

எல்லோரும் மேடையைப் பார்த்ததால் அதை வேறு யாரும் பார்க்கவில்லை. பார்த்த சீனுவாசன் மேடை நாற்காலியில் உட்கார்ந்தார்.

சின்னபொண்ணு எழுந்தாள். "வுட்டுடுங்கப்பா அவர. போன வாரம்தான் காதுல அழுக்கு எடுத்தாங்க. கொஞ்ச நாளிக்கு ஆட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிக்கீறாரு."

கூட்டம் சிரித்துக் கைதட்டியது. பெரியசாமி கட்டிய கையை அவிழ்த்தார். மானம் மயிரிழையில் தப்பியது. தப்பியதை நினைத்து சந்தோஷப்படத்தான் முடியவில்லை.

விளக்கு அணைந்து படம் தொடர்ந்தது. திரை வெளிச்சத்தில் பக்கத்தில் இருந்த ஜிமிக்கியைப் பார்த்து சீனுவாசன் கிசுகிசுத்தார்.

"சின்னபொண்ணு, அது நீயா?"

அவள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஜிமிக்கி ஆடியது.

"நான் சொல்றது பொய்னு மொதல்லேந்தே தெரியுமா?"

ஆடியது.

"மாமாவுக்கும் தெரியுமா?"

ஆடியது.

"உங்க ஊர்ல வேற யாருக்காச்சும்?"

ஜிமிக்கி அறுந்து விழுந்துவிடும்போல ஆடியது.

"சம்பந்திக்கு?"

ஆடவில்லை. சீனுவாசனுக்குப் போன உயிர் திரும்பியது.

திரும்பிய உயிருக்கும் நிம்மதி இல்லை. பூதம் ஊருக்குள் குதிக்கிற காட்சி வந்தது. கோட்டை வாசலில் கூட்டம் சிதறி ஓடுகிறது. அதில் ஒரு பையன் வாயைப் பிளந்து அலறிக்கொண்டு ஓடி வருகிறான். டிரவுசர் முட்டியில் இருக்கிறது, பிறகு கணுக்காலில், பிறகு இல்லை. தியேட்டர் வயிறு வலிக்கச் சிரித்தது. அன்றைக்குக் கேமரா ஓடிக்கொண்டிருந்ததா? பொன்னாடையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். பக்கத்தில் சின்னபொண்ணு எல்லோரையும் போலத்தான் சிரித்தாள். இவளுக்கு இது தெரியாது, இந்த ஒரு மானமாவது மிச்சம் என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் பொன்னாடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"எப்டி?" என்றார்.

சின்னபொண்ணு முறத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "மேல்மலையனூர் கோயில்ல எனக்கு மொட்ட போட்டுட்டு செஞ்சி வழியா வந்துக்கினு இருந்தோம். ஷூட்டிங் பாக்க நின்னோம். மெட்ராஸ்லேந்து வந்த பையனுக்கு அம்மைன்னு வேற மொட்ட தேடிக்கினு இருந்தாங்க. தலைல பூசுன சந்தனம் காஞ்சுபோய் அரிக்குது. சொறிஞ்சா அம்மா அடிப்பாங்க. அதான் காத ஆட்டி ஆட்டி அரிப்ப போக்கிக்கினு இருந்தேன். டைரக்டர் பாத்துட்டாரு."

"இத்த ஏன் நீ யார்கிட்டயும் சொல்லல?"

"நல்லா கேட்டீங்க. சினிமால நடிச்ச பொண்ணுன்னு தெரிஞ்சா யாரு கட்டுவான்? வர்ற மாப்ளைங்கிட்டல்லாம் அத்த மறைக்கணும்னு எங்கப்பா தலபாடா அடிச்சிக்குவாரு. மூச்சு வுடாதடின்னு எங்கம்மா சத்தியம் வாங்கினாங்க. அப்பத்தான் நீங்க வந்தீங்க. நட்டநடு வூட்ல உக்காந்து நான்தான் பூதம்னீங்க. எங்கப்பா அது எம்பொண்ணுய்யான்னு கத்தப்போனாரு. நான்தான் டம்ளர கீழ போட்டேன்."

"கட்டிக்க மட்டும் ஏன் சரின்னே?"

"மத்தவங்கல்லாம் எருமக் கணக்கச் சொன்னாங்க, ஏக்கர் கணக்கச் சொன்னாங்க. பூதமா இருந்தத பெருமையா சொன்னது நீங்க ஒருத்தர்தான். பொய்யா இருந்தாலும் கேக்க நல்லா இருந்துச்சு."

சீனுவாசனுக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. இவளுக்கு எது கல்யாணத்தைக் கெடுக்கிற களங்கமோ, அதுவே இவருக்குப் பெண் கொடுக்க வைத்த பெருமை. அவள் சொத்தை அவள் எதிரிலேயே ஊருக்கெல்லாம் இவர் அள்ளிவிட்டிருக்கிறார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து காபி ஆற்றிக் கொடுத்திருக்கிறாள். அவமானமாக இருந்தது.

"டைட்டில எடுக்கச் சொன்னது...?"

"நான்தான். பேபி சின்னபொண்ணுன்னு வருமே. தெருவெல்லாம் உங்க ஃபிளெக்ஸ் தொங்கிக்கினு இருக்குது, பாவமா இருந்துச்சு."

இந்த இடத்தில் மனிதராகப் பிறந்த எவரும் ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருப்பார்கள். மன்னிச்சுக்கோ என்றாவது முனகியிருப்பார்கள். சீனுவாசனுக்கும் அது தொண்டை வரை வந்தது. ஆனால் ஏட்டின் கட்டிய கை ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது.

"சின்னபொண்ணு, இத்தோட வுட்டுடு. இத்தன வருஷம் வாயத் திறக்கல. இனிமேலும் யாருக்கும் தெரிய வேணாம். எம்மானம் உங்கைல கீது."

அவள் மல்லாட்டை உரிப்பதை நிறுத்தினாள். பிறகு "சரிங்க" என்றாள்.

அவ்வளவு சுலபமாகச் சொன்ன 'சரிங்க'வைக் கேட்டு, குடும்பம் நடத்திப் பழகிய எந்த ஆணும் நடுங்கியிருப்பான். சீனுவாசன் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கினார்.

பெரியசாமி படத்தில் மயங்கிப்போயிருந்தார். அடுத்த ஞாயிறு விழுப்புரத்தில் போடுகிறார்கள், சொந்தபந்தம் எல்லோரையும் கூட்டிவருகிறேன், சம்பந்தியும் வரவேண்டும் என்று போன் செய்தார். சீனுவாசன் உடனே அந்தோணிசாமிக்குப் போன் போட்டார்.

"தம்பி, விழுப்புரத்துலயும் டைட்டில் வேணாம்."

"அது முடியாது சார். எடுக்கச் சொன்னவங்களே இப்பப் போடச் சொல்லிட்டாங்க. பெரிசா போடச் சொன்னாங்க."

சீனுவாசன் போனை வைத்துவிட்டுத் திரும்பினார். சின்னபொண்ணு புதுப் புடவைக்கு மடிப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். கேட்க உரிமை இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

விழுப்புரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஃபிளெக்ஸ் கண்ணில் பட்டது. 'குட்டிப் பூதமே, வருக!' அதே பட்டை எழுத்து, சவுரிராயன் கைவண்ணம். கீழே புதுப் புடவையில் சின்னபொண்ணு. கண் நன்றாகத் திறந்திருந்தது.

டைட்டில் ஓடியது. 'குட்டிப் பூதம்: பேபி சின்னபொண்ணு' என்று திரையை அடைத்து எழுத்து நின்றது. பெரியசாமி மெதுவாகத் திரும்பினார். சீனுவாசன் எதிர்ச் சுவரைப் பார்த்தார்.

"சம்பந்தி."

"ம்."

"நீங்க மாஸ்டரா, பேபியா?"

பதிலுக்குக் காதையாவது ஆட்டலாம் என்றால் அதுவும் வராது.

அதற்குமேல் ஏட்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. இடைவேளை வந்தது. சின்னபொண்ணு எழுந்தாள். ஜிமிக்கி இரண்டையும் கழற்றிக் கணவரின் உள்ளங்கையில் வைத்து, "பத்திரமா வச்சிக்கினு இருங்க" என்று சொல்லிவிட்டு மேடை ஏறினாள். பிள்ளைகள் கேட்கும் முன்பே காதுகள் ஆடின. நரைத்த முடிக்கு நடுவே அந்தப் பழைய காதுகள் முன்னும் பின்னும் ஆட, தியேட்டர் அதிர்ந்தது. கலைப்பிரியா அழுதுகொண்டே கைதட்டினாள். பெரியசாமி எழுந்து நின்று சல்யூட் அடித்தார். கூட்டத்திலேயே மிக அதிகமாக வெட்கப்பட்டவரும் மிக அதிகமாகக் கைதட்ட நினைத்தவரும் சீனுவாசன்தான். கை நிறைய ஜிமிக்கி இருந்ததால் தட்ட முடியவில்லை.

சின்னபொண்ணு மைக்கைப் பிடித்தாள்.

"இன்னொரு விசயம். எங்க வூட்டுக்காரரு இந்தப் படத்துல நடிச்சேன்னு ரொம்ப வருஷமா சொல்லிக்கினு கீறாரு. அவரு பொய்யரு இல்ல."

சீனுவாசன் நிமிர்ந்தார். கண் கலங்கியது. இத்தனைக்குப் பிறகும் விட்டுக்கொடுக்காமல் காப்பாற்றுகிறாளே! பக்கத்தில் ஏட்டின் முகமும் இளகியது.

"நெஜமாவே நடிச்சிருக்காரு. கல்யாணம் ஆன புதுசுலயே எங்க மாமியாரு எங்கிட்டச் சொல்லிட்டாங்க. இடைவேளைக்கு அப்புறம் என்னப் பாத்துட்டு டிரவுசர் இல்லாம ஒரு பையன் ஓடுவான். நல்லா பாருங்க. அது அவருதான்."

அத்தனை பிள்ளைகளும் முன்வரிசைப் பக்கம் திரும்பினார்கள்.

"தாத்தா! ஓடிக் காட்டுங்க தாத்தா! ஒரே ஒரு தடவ!"

சீனுவாசன் எழுந்தார். வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அன்று போலவே இன்றும் ஒத்திகை தேவைப்படவில்லை.